படிக்காத குவியல் இருக்கும்போதும் சேரிட்டி கடைக்குப் போகலாமா?

பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. சுருக்கிச் சொல்கிறேன்: "வாடகை வீட்டில் ஒரே அறை. படிக்காத புத்தகங்கள் மட்டும் 240 இருக்கும். அப்படியும் மாதம் ஒரு தடவையாவது சேரிட்டி கடைக்கு (தானமாக வந்த பழைய பொருட்களை நல்ல காரியத்துக்காக விற்கும் கடை) போய் ஐந்தாறு தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். ஒரு புத்தகம் 2 வெள்ளி (ரிங்கிட்), 3 வெள்ளிதான். காசு நல்ல காரியத்துக்குத்தானே போகிறது என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். அம்மா ஊரிலிருந்து வரும்போதெல்லாம் திட்டு. வாங்குவதை நிறுத்திவிடவா?"

நிறுத்த வேண்டாம் தம்பி. ஆனால் நீங்கள் சொல்லும் சமாதானம் எனக்குச் சரியாகப் படவில்லை. அதை முதலில் ஓரமாக வைத்துவிடலாம்.

நல்ல காரியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றால் நேராகப் போய் 50 வெள்ளி கொடுங்கள். வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்பாக இருந்தால் ரசீதும் கிடைக்கும், வரிக் கணக்கிலும் காட்டலாம். நீங்கள் 3 வெள்ளி கொடுத்துப் புத்தகம் வாங்கினால் அதில் கடை வாடகை, மின்சாரம், லோரிச் செலவு எல்லாம் போய் மிச்சம்தான் கடையை நடத்தும் ஆதரவு இல்லத்துக்குப் போகும். போகட்டும், அது நல்லதுதான். அதற்காக அதைத் தருமம் என்று சொல்லிக்கொண்டு அள்ள வேண்டியதில்லை. (வாழ்க்கைமுறை வரிச்சலுகையில் 2,500 வெள்ளி வரை புத்தகமும் சேரும் என்று சிலர் சொல்வார்கள். சேரும், ரசீது இருந்தால். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் மட்டும் வைத்திருக்கும் கடையில் ரசீதுக்கு எங்கே போவது?)

நான் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது வாரக் கடைசியில் ஒரு சேரிட்டி கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, வந்து விழும் புத்தகங்களைப் பிரித்துக் கொடுக்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

பிரிட்டனில் இந்த மாதிரிக் கடைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆக்ஸ்ஃபாம் 1940-களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் முதல் கடையைத் திறந்தது. 1987-ல் அதே ஊரில் புத்தகத்துக்கென்றே தனிக் கடை போட்டது. அங்கே பழம்பதிப்பு எது, குப்பை எது என்று பார்த்து விலை போட ஆள் உண்டு. நம் ஊரில் நிலைமை வேறு. கடையின் முக்கால் பாகம் துணி. அப்புறம் தட்டுமுட்டுச் சாமான், பொம்மை, மேசை நாற்காலி. புத்தகத்துக்கு ஒரு மூலை. பிரிப்பவர்கள் தொண்டூழியர்கள். பெரும்பாலும் சீனமோ ஆங்கிலமோ மலாயோ வாசிப்பவர்கள், பொறுமைசாலிகள், நல்லவர்கள். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது.

பெட்டிகள் எப்படி வருகின்றன தெரியுமா? வீடு மாறுகிறார்கள், கொஞ்சம் வரும். பாடத்திட்டம் மாறுகிறது, பழைய பயிற்சிப் புத்தகங்கள் கூடை கூடையாக வரும். அதை யாரும் வாங்கமாட்டார்கள். காலாவதியான கணினிக் கையேடு, கலைக்களஞ்சியத் தொகுதி (எப்போதும் ஒரு பாகம் குறையும்), பணக்காரர் ஆவது எப்படி என்று சொல்லும் ஆங்கிலப் புத்தகம், இதெல்லாம் அன்றாடம். ஆனால் நல்ல பெட்டி வருவது ஒரு வீட்டில் பெரியவர் தவறிய பிறகுதான். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தொழிற்சங்கத்தில் இருந்தவர், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்), கோவில் செயலாளர், இப்படி யாராவது. பிள்ளைகள் ஆங்கிலத்திலோ மலாயிலோ படித்தவர்கள், பேரப்பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம். காரியம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அலமாரி காலியாகும். பெட்டி எங்களிடம் வரும், இல்லையென்றால் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு தாமான் தாமானாக (குடியிருப்புப் பகுதிகள்) சுற்றும் பழைய பேப்பர் லோரிக்குக் கிலோ கணக்கில் போகும்.

எங்களிடம் வந்தாலும் தப்பித்துவிட்டது என்று அர்த்தமில்லை. தமிழ் தெரியாத ஒருவர் அந்தப் பெட்டியைத் திறக்கிறார். அட்டையில் முருகன் படம் இருந்தால் சமயம் என்று ஒதுக்குகிறார். படம் இல்லாவிட்டாலும் சமயம்தான். அட்டை கிழிந்து தாள் பழுத்திருந்தால் மறுசுழற்சி. மிச்சமுள்ளது எல்லாம் 1 வெள்ளி, அல்லது மூன்று 2 வெள்ளி. இரண்டு மூன்று மாதம் விலை போகாவிட்டால் அடுத்த சரக்குக்கு இடம் விட்டு அதுவும் லோரி ஏறும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. சீனப் புத்தகப் பெட்டி ஒன்றை என்னிடம் நீட்டினால் நானும் அதைத்தான் செய்வேன்.

ஆக, அந்த மூலையில் இருக்கும் தமிழ்ப் புத்தகம் ஒன்றுக்கு நீங்கள்தான் கடைசி ஆளாக இருக்கலாம். உங்களுக்கு அடுத்து வாங்க ஒருவர் வருவார் என்று நம்பக் காரணமே இல்லை.

அதனால் கையில் எடுக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரே ஒரு கேள்வி போதும் என்பேன்: இன்று விட்டால் இது மறுபடி கிடைக்குமா? "படிப்பேனா" என்பது இரண்டாவது கேள்விதான்.

ஆங்கிலத்தில் பேர்போன திகில் நாவல் என்றால் கிடைக்கும். அடுத்த வாரமே கிடைக்கும். சௌராஸ்தா மார்க்கெட்டில் கீழே ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினால் பழைய புத்தகக் கடைகளில் அதே நாவல் நாலு பிரதி இருக்கும், சில கடைக்காரர்களிடம் தமிழிலேயே பேரம் பேசலாம். மாநில நூலகத்தில் இரவலாகவும் கிடைக்கும். பினாங்கில் நூலகம் 1817-லேயே வந்துவிட்டது, அதைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் ஆச்சரியம். அப்புறம் அந்தப் பெரிய கழிவு (தள்ளுபடி) விற்பனைகள். பிக் பேட் வுல்ஃப் 2009-ல் பெட்டாலிங் ஜெயாவில் ஆரம்பித்ததிலிருந்து நம் ஆட்கள் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு புத்தகம் வாங்கப் பழகிவிட்டார்கள். அங்கே இருப்பது வெளிநாட்டுப் பதிப்பகங்களில் விற்காமல் மிஞ்சிய புதுப் புத்தகங்கள். அடுத்த தடவை வேறு பெட்டி வரும், அதே மாதிரிப் புத்தகங்கள் வரும்.

வீட்டுக்குப் போய் உங்கள் 240-ஐ எண்ணிப் பாருங்கள் தம்பி. எத்தனை சேரிட்டி கடையிலிருந்து வந்தவை, எத்தனை கழிவு விற்பனையில் "இவ்வளவு மலிவா" என்று வண்டியில் போட்டவை? என் ஊகம், பாதிக்கு மேல் இரண்டாவது வகை. உங்கள் அம்மா திட்ட வேண்டியது அந்தப் பாதியைத்தான். அதில் முக்கால்வாசியை நாளைக்கே கொடுத்துவிடலாம். எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கிடைக்கும் பொருளுக்கு வாடகை அறையில் எதற்கு இடம்?

இனி, மறுபடி கிடைக்காதவை.

மலேசியாவில் தமிழ்ப் புத்தகம் எப்படி வெளிவருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுத்தாளரே காசு போட்டு அச்சடிப்பார். சில நூறு பிரதி, கூடிப்போனால் ஆயிரம். ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா. பிரமுகர் முதல் நூலைப் பெற்றுக்கொண்டு பணம் வைத்த உறை ஒன்றை நீட்டுவார், பின்னால் வரிசையாக ஆட்கள் உறையோடு மேடையேறுவார்கள், ஆளுக்கு ஒரு பிரதி கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள், அப்புறம் மீகூன் சாப்பாடு. அந்தப் பிரதிகளில் பல, வீட்டுக்குப் போனபின் திறக்கப்படுவதே இல்லை. எழுத்தாளர் கையெழுத்தோடு, பெறுபவர் பெயரோடு, முதுகு மடியாமல் அப்படியே இருபது வருஷம் கழித்து என் மேசைக்கு வரும். எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். ஆனால் அந்த வழக்கம் இல்லாவிட்டால் இங்கே பாதிப் புத்தகங்கள் அச்சே ஏறியிருக்காது, பிரதியும் இப்படிப் புத்தம் புதிதாகத் தப்பியிருக்காது. இவற்றுக்கு இரண்டாம் பதிப்பு என்பது அபூர்வம். 1986-ம் ஆண்டுச் சட்டப்படி அச்சுப் புத்தகம் ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி தேசிய நூலகத்துக்குப் போயாக வேண்டும். வீட்டு வரவேற்பறையில் வைத்துப் பதிப்பகம் நடத்தியவர்கள் எல்லோரும் அதைச் செய்தார்களா என்பது வேறு விஷயம். 1986-க்கு முந்தியவற்றின் நிலை இன்னும் மோசம்.

அதனால் அட்டையைப் பார்க்காதீர்கள். உள்ளே பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தைத் திருப்புங்கள். அச்சிட்ட இடம் சென்னை என்றால் நிதானமாக யோசிக்கலாம். அங்கே அச்சான பழைய நூல் பலவற்றை இணையத்தில் மின்வடிவில் பிடித்துவிடலாம், 1998-லிருந்து மதுரைத் திட்டம் அந்த வேலையைச் செய்து வருகிறது. கோலாலம்பூர், பினாங்கு, ஈப்போ, கிள்ளான் என்று இருந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை, 1 வெள்ளியை எடுத்து வையுங்கள். 1966-ல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டின் கட்டுரைத் தொகுதி மாதிரி ஒன்று தட்டுப்பட்டால், பக்கம் விட்டுப்போயிருந்தாலும் எடுங்கள்.

புத்தகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மலர்கள், அதாவது விழாவுக்கு வெளியிடும் சிறப்பு இதழ்கள். கும்பாபிஷேக மலர், பள்ளி மலர், சங்கத்தின் வெள்ளிவிழா மலர். பாதிப் பக்கம் வாழ்த்துச் செய்தியும் நகைக்கடை விளம்பரமும்தான். ஆனால் மீதிப் பாதியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தோட்டத்துப் பள்ளியில் எந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள், தலைமை ஆசிரியர்கள் யார் யார், கோவிலுக்கு நிலம் எப்படி வந்தது, லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் எடுத்த குழுப் படம், கீழே எல்லோர் பெயரும். இந்த நாட்டில் தமிழ்க் கல்வியை 1816-ல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்குப் போடுகிறோம், 2016-ல் 200 ஆண்டு என்று விழா எடுத்தோம். இடையில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் தாமான் வந்தது, பள்ளிகள் இடம் மாறின. அந்தத் தோட்டம் இருந்ததற்குச் சாட்சியாகச் சில இடங்களில் மிஞ்சியிருப்பது ஒரு மலர் மட்டும்தான். பின்கட்டில் பிரிப்பவருக்கு அது விளம்பரப் புத்தகமாகத் தெரியும். முதலில் லோரி ஏறுவது அதுதான்.

இன்னொன்று, வீட்டில் பைண்டிங் செய்த தொகுப்புகள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்துத் தைத்து, காலிகோ அட்டை போட்டு, முதுகில் மையால் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைத் தொடர் என்றால் கதை பின்னாளில் நூலாகக் கிடைக்கலாம், அதோடு வந்த ஓவியங்கள் கிடைப்பது சிரமம். உள்ளூர் ஞாயிறு பதிப்புகளிலிருந்து வெட்டி ஒட்டிய சிறுகதைகள் என்றால் அது தங்கம். தமிழ் நேசன் 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோனது. 1950-களின் தொடக்கத்தில் கதை எழுதக் கற்றுக்கொடுக்கவே அதில் ஒரு வகுப்பு நடந்தது. அந்தக் காலத்தில் எழுதிய பலருக்குத் தனி நூல் என்று ஒன்று வரவே இல்லை. யாரோ ஒரு வாசகர் கத்தரிக்கோலும் பசையும் வைத்துச் செய்த வேலைதான் அவர்களுடைய ஒரே தொகுப்பு.

இதைச் சொல்லும்போது கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைக்காமல் இருக்க முடியாது. செட்டிநாட்டுக்காரர், விளம்பரப் பலகை எழுதுவது தொழில். பழைய புத்தகக் கடைகளில் கிடைத்ததை எல்லாம் சேர்த்தார். நூல் மட்டுமா, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை வரைக்கும். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே வைத்து, 1994-ல் ஆய்வு நூலகமாக ஆக்கியது. ஏறக்குறைய 1,00,000 உருப்படி. அவர் அத்தனையையும் படித்தாரா என்று அங்கே போய் உட்காரும் ஆய்வாளர் யாரும் கேட்பதில்லை. உங்களை நான் அவரோடு ஒப்பிடவில்லை, பயப்படாதீர்கள். அதே வேலையை ஓர் அலமாரி அளவில் செய்யலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். இன்று உயிரோடு எழுதிக்கொண்டிருக்கும் உள்ளூர் எழுத்தாளரின் புதிய நூலை சேரிட்டி கடையில் எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். பழைய பிரதி எத்தனை கை மாறினாலும் அவருக்கு ஒரு காசு போகாது. 25, 30 வெள்ளி கொடுத்து அவரிடமே வாங்குங்கள்.

படிக்காமல் வைத்திருப்பது குற்றமா என்று சுற்றி வளைத்துக் கேட்டிருந்தீர்கள். இல்லை. மலரை யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை, அகராதியையும் படிப்பதில்லை. மாதம் இரண்டு என்று படித்தாலும் 240 முடிய பத்து வருஷம் ஆகும், அதற்குள் உங்கள் ரசனையே மாறிவிடும். எனக்குக் கவலை எல்லாம் வேறு: அந்த அறையில் காற்றோட்டம் எப்படி?

பினாங்கில் வருஷம் முழுக்க ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. 65, 70-ஐத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். உங்கள் குவியல் தரையில், வெளிச்சுவரை ஒட்டி, பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படிப்பதற்கு முன் பூஞ்சணம் படித்து முடித்துவிடும். எனவே இரும்பு அடுக்கு ஒன்று வாங்குங்கள். அமுக்கிய மரத்தூள் பலகை வேண்டாம், ஈரத்தில் உப்பும், கரையானுக்கும் பிடிக்கும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், நெருக்கி அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் மின்விசிறி கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பட்டும்.

வாங்கும்போதே பாருங்கள். மூக்கருகே வைத்தால் புழுங்கல் வாடை அடிக்கிறதா, தைத்த இடத்தில் வெள்ளைத் தூள் இருக்கிறதா, குலுக்கினால் மாவு மாதிரிக் கொட்டுகிறதா? பழுப்புப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை. அந்தக் காலத்து மலிவுத் தாளில் அமிலம் அதிகம், மஞ்சளாவதும் ஓரம் உதிர்வதும் இயல்பு. ஊசி போட்டுத் தைத்த மெல்லிய கவிதைப் புத்தகங்களில் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். மெதுவாகக் கம்பியைக் கழற்றிவிட்டு நூலால் தைத்துவிடலாம். கிழிசலுக்கு செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், நாளடைவில் பசை தாளில் ஊறிப் பழுப்பாகும். பூச்சி இருக்கும் என்று சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி, ஐஸ் பெட்டியின் உறைய வைக்கும் தட்டில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். எடுத்தவுடன் பையைத் திறக்க வேண்டாம், ஒரு நாள் வெளியில் கிடந்து அறைச் சூட்டுக்கு வரட்டும். (அம்மா வரும் வாரத்தில் இதைச் செய்ய வேண்டாம். மீன் வைக்கும் இடத்தில் புத்தகம் இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.) பூஞ்சணம் என்றால் வெளியே கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு, நிழலில் நன்றாக உலரவிட்டு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ரொம்ப முற்றியிருந்தால் வாங்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஒரு புத்தகத்துக்காக முழு அடுக்கையும் பலி கொடுக்க முடியாது.

ஒன்று வாங்கினால் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்று சிலர் விதி வைத்திருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவசரத்தில் எப்போதும் தவறான ஒன்றைத்தான் கொடுப்போம், ஒல்லியாக, அட்டை அழகில்லாமல் இருக்கும் உள்ளூர்ப் புத்தகம்தான் முதலில் போகும். அதைவிட இடத்துக்கு எல்லை வையுங்கள். மறுபடி கிடைக்காதவற்றுக்கு ஓர் அடுக்கு முழுக்க. மற்றதற்கு இரண்டு தட்டு, அது நிரம்பினால் அதிலிருந்து மட்டும் வெளியே போகட்டும். வீடு மாறும்போது தூக்கக்கூடிய அளவு அதுதான்.

கொடுக்கும்போது இன்னொரு வேலை செய்யுங்கள். தமிழ்ப் புத்தகங்களைப் பயிற்சிப் புத்தகங்களோடு கலந்து ஒரே பெட்டியில் போடாதீர்கள், பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்தாலே பெட்டியோடு ஓரம் கட்டிவிடுவோம். தனியாகக் கட்டி, மேலே மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு சீட்டு ஒட்டுங்கள்: தமிழ்ச் சிறுகதை, உள்நாட்டுப் பதிப்பு, இந்த ஆண்டு, சமய நூல் அல்ல. உள்ளே இருக்கும் தலைப்புகளை உரோமன் எழுத்தில் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. அந்தச் சீட்டு இருந்தால் என்னைப் போல் தமிழ் தெரிந்த ஆள் வரும்வரை பெட்டியைத் திறக்காமல் ஒதுக்கி வைப்பார்கள். திங்கட்கிழமை கொண்டுவராதீர்கள், பெரும்பாலும் அன்றுதான் லோரி வரும்.